கழுதை கோபுரம் ஏறிய கதை

அத்தியாயம் பதினேழு

அப்பா கண்ணை மூடிய மறுவாரமே சின்னவள் ஒரு வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, அவருடைய புத்தகங்களை அலமாரியோடு பெயர்த்துக்கொண்டு போனாள் அல்லவா, அன்றிலிருந்து அக்காவும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போகிற போக்கில் வாசற்படியில் நின்று, "உனக்கு எதுக்குக்கா புத்தகம்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பெரியவள் அதை இன்னும் மென்றுகொண்டிருக்கிறாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இந்த நிலையில்தான் போன வாரம் ஒரு குட்டு வெளிப்பட்டது. பெரியவளின் வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் கிளம்புவதற்கு முன், பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மகளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். எந்த நூலகத்தில்? சின்னவள் குழந்தைகள் பிரிவைக் கட்டி மேய்க்கிற அதே நூலகத்தில்.

சனிக்கிழமை பெரியவள் தையல்கடையில் ஒரு கால்சட்டைக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தபோது, மகள் வந்து தையல் இயந்திரத்தின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். பெயருக்கு ஏற்ற பெண்தான்.

"நீ வந்தே ஆகணும்மா. இன்னிக்குக் கதை நேரத்துல நான்தான் சொல்றேன். உன் கதை."

"என் கதையா?"

"ஒன்பது மணிக் கழுதை. நீ சின்ன வயசுல நாலு தடவ படிச்சேன்னு சொன்னியே, அந்தப் புத்தகம் இன்னும் அங்க இருக்கும்மா. எடுத்துட்டு வந்துட்டேன்."

பெரியவளுக்கு ஊசி விரலில் ஏறியது. அந்தப் புத்தகம் இத்தனை வருஷத்தில் கரையானுக்குப் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது.

விஷயம் இதுதான். அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகர். வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தாலும் பரிசோதனையை விடாத மனிதர். பிள்ளைகள் நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த வாரம் நூலக அட்டை அவர் சட்டைப்பையை விட்டு வெளியே வராது. அதோடு விடுவாரா என்றால் அதுவும் இல்லை. டிக்கெட் எடுக்காமல் ஏறியவளைச் சொல்வதுபோல 'வித்அவுட்டு' என்று வாரம் முழுக்கக் கூப்பிடுவார்.

பெரியவளுக்கு எழுத்து என்றைக்குமே சண்டித்தனம்தான். ஒரு வரியைப் பிடித்தால் அடுத்த வரி நகர்ந்து அதன் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். இடுப்பளவு, கைநீளம், வாடிக்கையாளர் பெயர் என்று துண்டு துண்டாக இருந்தால் பாதகமில்லை. பக்கம் முழுக்க எழுத்து என்றால் தலை சுற்றும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் மக்கு என்பார்கள். சின்னவளுக்கு மட்டும் தெரியும். தெரிந்த விஷயத்தைச் சும்மா வைத்திருக்கிற ஆளா அவள்? புத்தகத்தைத் தான் படித்து ஒரு கதை சொன்னால், அக்கா ஒரு வாரம் தன் பங்குப் பாத்திரத்தையும் சேர்த்துக் கழுவ வேண்டும் என்று பேரம் பேசினாள். பெரியவள் ஒத்துக்கொண்டாள். குழந்தைப் பருவம் முழுக்க அவள் கை சோப்புத் தண்ணீரில்தான் ஊறியது.

ஆனால் கதை சொல்வதில் பெரியவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சின்னவள் சொன்ன எலும்புக்கூட்டுக்குச் சதையும் சட்டையும் போட்டு மேசையில் உலவவிடுவாள். பல வருஷம் கழித்து வாண்டு பிறந்ததும், அந்தக் கதைகளை எல்லாம் தூசி தட்டிச் சொல்லி வளர்த்தாள். சொல்லும்போது 'நான் படிச்சேன்' என்று ஒரு பொய்யைச் சேர்த்துக்கொண்டாள். பத்து வயதுப் பெண் தன்னை அண்ணாந்து பார்ப்பதில் யாருக்குத்தான் ஆசை இருக்காது?

"கடையை யாரு பாத்துக்கிறது?" என்றாள்.

"பூட்டு பாத்துக்கும். வாம்மா."

நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் அலமாரிகள் இடுப்பு உயரம்தான். நடுவில் பாயை விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். பின்னால் பெற்றோருக்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். சின்னவள் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு முன்னால் நின்றாள். கதையைச் சரியாகச் சொல்கிற பிள்ளைக்கு ஒரே நேரத்தில் மூன்று புத்தகம் எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி. தப்பாகச் சொன்னால் ஒன்றுதான். அதைக் கேட்டதுமே பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் சட்டத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து ஊரான் வீட்டுப் பிள்ளைகள் தலையில் கட்டியிருக்கிறாள் பார், அலமாரியோடு சேர்த்து இதையுமா வேனில் ஏற்றினாள் என்று நினைத்துக்கொண்டாள். கடைசி வரிசை நாற்காலியில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வாண்டு எழுந்து நின்றாள்.

ஒரு ஊரில் தினமும் காலையில் சரியாக ஒன்பது மணிக்குக் கத்துகிற கழுதை ஒன்று இருந்தது. ஊரே அதைக் கேட்டுத்தான் கடை திறக்கும், பள்ளிக்கூடம் போகும். ஒருநாள் வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, பாழாய்க் கிடந்த கோபுரக் கடிகாரத்தைச் சரிசெய்து ஓடவிட்டார். அப்புறம் கழுதையை யார் சீந்துவார்கள்? சத்தம் போடுகிறது என்று கல்லால் அடித்துத் துரத்தினார்கள்.

வாண்டு கையை ஆட்டி, முகத்தைச் சுருக்கி, கல் பட்ட கழுதைபோல ஒரு காலை நொண்டி நடந்து காட்டினாள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். பெரியவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொரு அசைவும் அவள் சொல்லிக்கொடுத்தது.

"கொஞ்ச நாள்ல கடிகாரம் மறுபடி நின்னுபோச்சு. ஆனா யாருக்கும் தெரியல. ஏன்னா கழுதை யாருக்கும் தெரியாம கோபுரத்து மேல ஏறி உக்காந்துக்கிச்சு. ஒன்பது மணி ஆனா அங்கிருந்து கத்தும். ஜனங்க கீழ நின்னு, ஆஹா, நம்ம கடிகாரம் என்ன அழகா மணி அடிக்குதுன்னு சொல்லுவாங்க. இன்னிக்கு வரைக்கும் அது அங்கதான் இருக்கு."

கைதட்டல் கூரையைத் தொட்டது. சின்னவள் மட்டும் தட்டவில்லை. கழுதை கோபுரம் ஏறியதும் அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதைப் பெரியவள் பார்த்தாள். ஒரு நிமிஷம்தான். அப்புறம் அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டாள்.

"கழுதை கோபுரத்துல ஏறிச்சா?"

"ஆமா சித்தி."

"இங்க சித்தி இல்ல, மேடம். புத்தகத்துல அப்படி இல்லையே. நீ படிக்கவே இல்ல. சும்மா கதை விடுற."

பாயில் இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு தொற்றிக்கொண்டு பாயின் கடைசி வரைக்கும் வந்தது. வாண்டுவின் காது சிவந்தது.

"நான் படிக்கலதான். எனக்குத்தான் தெரியுமே, எதுக்குப் படிக்கணும்னு விட்டுட்டேன். ஆனா எங்கம்மா நாலு தடவ படிச்சிருக்காங்க. அவங்க சொன்னது தப்பா இருக்காது." திரும்பிப் பார்த்தாள். "அம்மா, நீயே சொல்லும்மா."

எல்லாத் தலைகளும் திரும்பின. சின்னவள் மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்து, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தாள். வந்து நீட்டினாள்.

"வாங்கிக்கங்க. நாலு தடவ படிச்சவங்க. கடைசிப் பக்கத்தை நீங்களே எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுங்க."

அந்த 'ங்க' ஒவ்வொன்றும் செருப்படி. தெரிந்தே செய்கிறாள். உலகத்தில் இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான், அவள்தான் நீட்டுகிறாள். பெரியவள் புத்தகத்தைத் தொடவில்லை.

"கண்ணாடி எடுத்துட்டு வரல," என்றாள்.

"தலை மேலதானம்மா இருக்கு," என்றாள் வாண்டு. உதவி செய்கிற குரலில்தான் சொன்னாள்.

இந்தத் தடவை பெரியவர்களே சிரித்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, தலையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு தேடுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். வாண்டு சிரிக்கவில்லை. அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். மகளுக்கு ஏதோ புரிய ஆரம்பிக்கிறது என்று பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் எழுந்து, யாரையும் பார்க்காமல், உள்ளே பைண்டிங் அறைக்குள் நுழைந்தாள். வெளியே போக வேண்டியவள்தான். கோபத்தில் கதவு மாறிப்போனது.

சின்னவள் பின்னாலேயே வந்தாள்.

கிழிந்த புத்தகங்களைப் பசை போட்டு ஒட்டி, மேலே கல்லை ஏற்றி வைத்திருந்தார்கள். பசை வாடை குமட்டியது.

"ஏண்டி, நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கணும்னு எத்தனை நாளாக் காத்துக்கிட்டு இருந்த?"

"நான் உன்னைக் கூப்பிடலக்கா. உன் பொண்ணு கூப்பிட்டா."

"புத்தகத்தை நீட்டினது யாரு?"

"நாலு தடவ படிச்சேன்னு பீத்திக்கிட்டது யாரு?"

பெரியவள் சட்டென்று பேச்சை மாற்றினாள். மாட்டிக்கொண்டால் அடுத்த கேள்விக்குத் தாவுவது அவள் வழக்கம்.

"கழுதை கோபுரம் ஏறலைன்னா அப்புறம் ஏன் எனக்கு அப்படிச் சொன்ன? உன் வாயிலருந்து கேட்டதைத்தானே நான் சொன்னேன். மறந்து போச்சா?"

"எனக்கு எதுவும் மறக்காது."

"அப்புறம்?"

சின்னவள் பசைத் தூரிகையைக் கையில் எடுத்தாள். எதையும் ஒட்டவில்லை. "மாத்திச் சொன்னேன். வேணும்னேதான்."

"எதுக்கு?"

"நீ மாட்டணும்னு. ரயில்ல முந்நூறு பேர்ல டிக்கெட் எடுக்காதவன் எவன்னு மூஞ்சியப் பாத்தே பிடிக்கிற மனுஷன். உன்னைப் பிடிப்பாருன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உக்காந்திருந்தேன். பிடிச்சாரா? பெரியவ கதை சொன்னா கண்ணு முன்னாடி நிக்குதுடான்னு உன் தலையைத் தடவினாரு. ராத்திரி பகலா படிச்சிட்டு வந்து நான் சொன்னா, ஒப்பிக்காத, போதும்னு கையக் காட்டினாரு."

"இந்தக் கதை மட்டுந்தானா?"

சின்னவள் தூரிகையைப் பசைக் கிண்ணத்தின் விளிம்பில் வழித்தாள்.

"கேக்கறேன்ல. எத்தனை கதையை மாத்தின?"

"எல்லாத்தையும்."

பெரியவள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு மகளுக்கு அவள் சொன்ன அத்தனையும் வரிசையாக மனதில் ஓடின. ஒன்றுகூடப் புத்தகத்தில் இல்லை. அத்தனை பாத்திரம் கழுவி அவள் வாங்கியது போலிச் சரக்கு.

"பாத்திரத்தை மட்டும் பளபளன்னு கழுவ வச்சியேடி."

"அதுக்குத்தான் கதை குடுத்தேன். முடிவும் அசலா வேணுமா உனக்கு?" சின்னவளின் குரல் உயர்ந்தது. "கோபுரத்து மேல எவனுக்கும் தெரியாம உக்காந்து கத்துன கழுதை யாருன்னு இன்னுமா உனக்குப் புரியல? கத்துறது ஒருத்தி. பேர் வாங்கறது இன்னொருத்தி."

"கழுதைன்னு நீயே ஒத்துக்கிட்டா நான் என்ன சொல்ல?"

சின்னவள் தூரிகையைப் பசைக்குள் குத்தி நிறுத்தினாள். "வாயி மட்டும் குறையல. நல்லாக் கேட்டுக்க. உன் பொண்ணு படிக்கிற பொண்ணு. உன் பொய்யைக் கேட்டு வீணாப்போக வேண்டாம். என் வீட்டுக்கு அனுப்பு. அப்பாவோட புத்தகம் எல்லாம் அங்க இருக்கு. நான் படிக்க வைக்கிறேன்."

"புத்தகத்தைத் தூக்கிட்டுப் போன. இப்பப் பிள்ளையைத் தூக்கப் பாக்குறியா? என் உயிர் இருக்கிற வரைக்கும் அது நடக்காது."

எழுந்து கதவைத் திறந்தாள். வாண்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

வழி முழுக்க வாண்டு பத்தடி பின்னாலேயே வந்தாள். வீட்டின் முன்னறைதான் கடை. பெரியவள் நுழைந்ததும் இயந்திரத்தில் உட்கார்ந்து, பாதியில் விட்ட கால்சட்டையை எடுத்துக்கொண்டாள். கால் மிதித்தது. தையல் எங்கேயோ போனது. வாண்டு எதிரே வெட்டுமேசையின் மேல் ஏறி உட்கார்ந்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்துச் சத்தமாக வாசித்தாள். மழைத் தண்ணீர் குழாயில் ஓடுகிற மாதிரி தங்குதடை இல்லாமல் வாசித்தாள்.

புத்தகத்தில் கழுதை திரும்பி வரவே இல்லை. கடிகாரம் நின்றது. காலையில் ஜனங்கள் வாசலில் நின்று காது கொடுத்துப் பார்த்தார்கள். எந்தச் சத்தமும் வரவில்லை. அன்றிலிருந்து அந்த ஊரில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் தாமதமாகவே போனார்கள் என்று கதை முடிந்தது.

"நீ சொன்னதுதான் நல்லா இருக்கு," என்றாள் வாண்டு.

பெரியவளுக்கு உயிர் வந்தது. அது அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

"நாலு தடவ படிச்சேன்னு சொன்னியே, அது?"

"சும்மா சொன்னேன்."

"ஒரு தடவயாச்சும்?"

இயந்திரம் நின்றது. "இல்ல."

"மத்த கதை?"

"எல்லாம் உன் சித்தி சொன்னது."

"அவங்க சொன்னதும் பொய்." வாண்டு விரலை மடக்கி மனதுக்குள் எதையோ எண்ணினாள். பாதியில் விட்டுவிட்டாள். "அப்ப எனக்குத் தெரிஞ்ச கதை ஒண்ணுகூடக் கதை இல்ல."

அவள் அழுதிருந்தால் பெரியவளுக்குச் சமாளிக்கத் தெரியும். அழவில்லை. மேசையிலிருந்து இறங்கி உள்ளே போனாள். பல்துலக்கியும் ஒரு மாற்றுடையும் பையில் திணித்துக்கொண்டு வந்தாள். செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"சித்தி வீட்டுக்கு. அடுத்த தெருதானே. அவங்ககிட்டப் புத்தகம் வாங்கி, நீ சொன்னது எல்லாத்தையும் ஒண்ணொண்ணாப் படிச்சுப் பாக்கணும்."

"வாசலைத் தாண்டினா காலை உடைப்பேன். பொய் சொன்னவளே அவதான்டி. அவகிட்டயா போற?"

"அவங்களும் பொய்தான் சொன்னாங்க," என்றாள் வாண்டு. "ஆனா அவங்க படிச்சிருக்காங்க."

பெரியவள் கை ஓங்கினாள். ஓங்கிய கை எங்கே இறங்குவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. தங்கை மேல் இருந்த ஆத்திரம், செத்துப்போன அப்பா மேல் இருந்த ஆத்திரம் எல்லாம் அந்தக் கையில் இருந்தன. இதை இந்தக் குழந்தை மேல் இறக்கினால் அவள் நிச்சயம் போய்விடுவாள், திரும்பி வரமாட்டாள் என்று பயந்தாள். வாண்டு கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள்.

"நில்லு."

ஓங்கிய கை இறங்கி, வெட்டுமேசை மேல் கிடந்த புத்தகத்தை எடுத்தது. பெரியவள் முதல் பக்கத்தைப் பிரித்தாள். எழுத்துகள் வழக்கம்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அளவெடுக்கிற நாடாவை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைத்து அழுத்தினாள். வியர்த்துக் கொட்டியது.

"ஒரு... ஊரில்... தி... தின... தினமும்..."

"கா..."

"சொல்லாத," என்று சீறினாள் பெரியவள். "வாயைத் திறக்காத. நானே வாசிக்கிறேன்."

"வாசி."

"கா... காலையில்... ஒன்... ஒன்பது..."

அந்த ஒரு வரிக்கு ஒரு சட்டையே தைத்துவிடலாம். ஏமாற்ற வழி இல்லை, தெரிந்த கதைதானே என்று ஒப்பிக்கவும் முடியாது. மகளின் கண் அம்மாவின் உதட்டில் இல்லை, நாடாவின் மேல் இருந்தது. எந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பெரியவளுக்கு அவமானத்தில் கழுத்து எரிந்தது. ஆனாலும் வரியின் கடைசி வரைக்கும் போனாள். போய்ச் சேர்ந்ததும், எட்டு மாடி ஏறியவள்போல மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

வாண்டு பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. செருப்பையும் கழற்றவில்லை. தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமலே அம்மாவைப் பார்த்தாள்.

"அடுத்த வரி," என்றாள்.